சூலியா தெருவின் இரவுகள்

பாயான் பாருவில் குடியிருக்கும் நம் குடும்பங்களில் 'டவுன்' என்று சொன்னால் ஜார்ஜ்டவுன் முழுவதையும் யாரும் நினைப்பதில்லை. சூலியா தெரு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், கடைத்தெரு, கேம்பல் தெரு, பினாங்கு ரோடு, இவற்றுக்கு நடுவில் உள்ள சந்துகள், அவ்வளவுதான் நம் டவுன். நம் பாட்டனார்கள் கப்பலை விட்டு இறங்கியதும் மூட்டையோடு நடந்த தெருக்கள் அவை. நாம் இப்போது அங்கிருந்து 15 கிலோமீட்டர் தள்ளி அடுக்குமாடியிலும் வரிசை வீடுகளிலும் இருக்கிறோம். ஆனாலும் பெருநாள் துணிக்கும் கல்யாணச் சாமானுக்கும் நல்ல கறிச்சோற்றுக்கும் கார் அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.

இன்று அந்தத் தெருக்களைப் பினாங்கின் இரவு வாழ்க்கைக்குப் பேர்போன வட்டாரம் என்று சுற்றுலா விளம்பரங்கள் சொல்கின்றன. வாரக் கடைசியில் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வண்டிகள் வந்து நிற்கின்றன. நம் பிள்ளைகளும் போகிறார்கள். சுவரோவியத்துக்கு முன் நின்று படம் எடுக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், திரும்பி வருகிறார்கள். வெளியூர்க்காரர் பார்ப்பதற்கு மேலாக அவர்கள் எதையும் பார்ப்பதாகத் தெரியவில்லை. அந்த இரவை முதலில் உண்டாக்கியவர்கள் யார், எதற்காக அங்கே விளக்கு எரிந்தது என்பதை நாம் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. சங்கத்தின் பொன்விழா மலரில் அதை எழுதி வைக்க வேண்டும் என்று இளைய தலைமுறை வியாபாரிகளாகிய நாங்கள் நினைத்தோம். படித்ததையும் பெரியவர்களிடம் கேட்டதையும் கடைக்காரர் கண்ணால் பார்த்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

கப்பல் வந்தால்தான் வேலை

1786 ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றினார். அதற்கு முன்பே நம்மவர் கெடாவில் வியாபாரம் செய்து வந்தார்கள். புதுத் துறைமுகம் திறந்ததும் இங்கே வந்து சேர்ந்தார்கள். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் சூலியாக்கள் என்று நம்மைக் குறிப்பிட்டு, கடைக்காரரும் கூலியாட்களுமாக ஏறக்குறைய ஆயிரம் பேர் இருப்பதாகச் சொல்கிறார். ஆண்டுதோறும் சோழமண்டலக் கரைக் கப்பல்களில் 1,300 முதல் 2,000 ஆண்கள் வருவதாகவும், கொஞ்சம் சம்பாதித்துக்கொண்டு அவர்கள் ஊர் திரும்ப, அடுத்த கூட்டம் வருவதாகவும் அதே அறிக்கை கூறுகிறது. அதாவது குடும்பத்தோடு குடியேறிய ஊராக இது தொடங்கவில்லை. வேலைக்கு வந்த ஆண்களின் தெருவாகத்தான் தொடங்கியது.

1801இல் லெப்டினன்ட் கவர்னர் ஜார்ஜ் லீத் காலத்தில் பள்ளிவாசலுக்கென 18 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. அதை முன்னின்று கட்டியவர் நம் சமூகத்தின் கப்பித்தான் காதர் முகைதீன். பள்ளிவாசலைச் சுற்றி வீடுகள், கடைகள், மையவாடி என்று ஒரு முழுக் குடியிருப்பே உருவாயிற்று. அருகிலேயே சூலியா தெருவும் கிங் தெருவும் சந்திக்கும் மூலையில் நாகூர் ஆண்டகை பெயரால் தர்கா எழுந்தது. கடல் கடந்து வந்தவர்கள், கப்பலோட்டிகள் போற்றும் நாகூர் நினைவைத் துறைமுகத்துக்கு அருகில் வைத்துக்கொண்டார்கள்.

அன்றைய துறைமுகத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்க முடியாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கைத் தொங்காங் படகுகளில் இறக்கிக் கரைக்குக் கொண்டு வர வேண்டும். அந்தப் படகு வேலையிலும் மூட்டை தூக்கும் வேலையிலும் நம்மவர் ஏராளம். 1904இல் ஸ்வெட்டன்ஹாம் துறை கட்டிய பிறகும் தொங்காங் வேலை நீண்ட காலம் ஓயவில்லை. கப்பல் எப்போது வருகிறதோ, கடல் எப்போது ஏறுகிறதோ அப்போதுதான் வேலை. அது நள்ளிரவாக இருக்கலாம், சுபுஹுக்கு முன்பாக இருக்கலாம். வேலை முடிந்து வருகிறவனுக்குச் சமைத்துத் தர வீட்டில் ஆள் இல்லை. மனைவி கடையநல்லூரிலோ இராமநாதபுரத்துக் கடற்கரை ஊரிலோ நாகூரிலோ காரைக்காலிலோ இருக்கிறாள். அவன் இருப்பது ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்த கடைவீட்டு மாடியில், ஒரு பாய் விரிக்கும் இடத்தில்.

சூலியா தெருவின் இரவு இங்கேதான் பிறந்தது. கேளிக்கைக்காக அங்கே கடை திறக்கவில்லை. பசித்த ஆளுக்காகத் திறந்தார்கள்.

காவடித் தடியும் ஒட்டுக்கடையும்

நாசி கண்டார் என்ற பெயரே அந்த வேலையைச் சொல்கிறது. 'கண்டார்' என்பது தோளில் சுமக்கும் தடி. ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடிவதற்குள் சமைத்துத் துறைமுகப் பக்கமும் அங்காடிப் பக்கமும் தூக்கிக்கொண்டு போனார்கள். மீன், கறி, வெண்டைக்காய் எதை எடுத்தாலும் குழம்புக்குத் தனிக் காசு கிடையாது. ஆகவே இரண்டு மூன்று குழம்பைக் கலந்து சோற்றின் மேல் ஊற்றச் சொல்லிக் கேட்டார்கள். மலாய்க்காரர்கள் வெள்ளம் என்ற பொருளில் 'பஞ்சிர்' என்று கேட்பது அதைத்தான். இன்று நாடு முழுவதும் பினாங்குச் சுவை என்று கொண்டாடும் அந்தக் கலவை, மூட்டை தூக்கியவனின் தட்டில் உருவான சுவை.

பிறகு தடியை இறக்கி வைத்துவிட்டுக் கடை எடுத்தார்கள். கேம்பல் தெருவின் ஹமீதியா 1907இலிருந்து நடக்கிறது. பினாங்கு ரோட்டில் சூலியா தெரு முடியும் இடத்துச் சந்தில் லைன் கிளியர் கடை இரவு பகல் பாராமல் சோறு போட்டுப் பேர் வாங்கியது. பள்ளிவாசலை ஒட்டிய கடை ஒன்று பல ஆண்டுகள் இரவு 10 மணியை ஒட்டித்தான் திறந்தது. சனம் வரிசையில் நின்று வாங்கியதால் வரிசை என்ற பொருளில் 'பெராத்தூர்' என்பதே அதன் பெயராகிவிட்டது.

சோற்றுக் கடைக்கு அடுத்தது ஒட்டுக்கடை. பெரிய கடையின் சுவரை ஒட்டி, அஞ்சடியின் ஓரத்தில், ஒரு பலகையும் இரண்டு பெஞ்சும் ஓர் அடுப்பும் போட்டால் ஒட்டுக்கடை. இஞ்சித் தேநீர், கோப்பி, ரொட்டி, அவித்த முட்டை. ஊர்க் கடிதத்தைப் படித்துக் காட்டுகிறவர் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். ஊருக்குப் பணம் அனுப்பும் வழி, எந்தக் கப்பல் எப்போது, எந்தக் கடையில் ஆள் தேவை, யாருக்குப் பிள்ளை பிறந்தது என்று எல்லாச் செய்தியும் அந்தப் பெஞ்சு வழியாகத்தான் போனது. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இவ்வூரில் 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ் இதழை நடத்தினார். அக்காலத்திலேயே இங்கே இதழ் வாங்கிப் படிக்கவும் படிப்பதைக் கேட்கவும் ஆள் இருந்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளக்கும் டிராமும் நாடகக் கொட்டகையும்

1904இல் ஜார்ஜ்டவுனுக்கு மின்சாரம் வந்தது. 1906இல் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. துறைமுகத்திலிருந்து ஆயர் ஈத்தாம் வரை ஏழை எளியவரும் காசு கொடுத்து ஏறிப் போக முடிந்தது. 1936இல் டிராம் நின்றபோது அதன் இடத்தை மேல்கம்பியில் மின்சாரம் வாங்கும் டிராலி பேருந்து பிடித்திருந்தது. விளக்கும் வண்டியும் வந்தபின் டவுனுக்கு இரவில் வெளியாட்களும் வரத் தொடங்கினார்கள். உழைப்பாளரின் இரவோடு வேடிக்கை பார்க்கும் இரவும் சேர்ந்தது.

அந்த வேடிக்கைகளிலும் நம் சமூகத்துக்குப் பங்கு உண்டு. போரியா என்ற பாட்டுக் கூத்து மதராஸ் படையினரோடு இவ்வூருக்கு வந்தது என்பது பரம்பரைச் செய்தி. முஹர்ரம் முதல் பத்து இரவுகளில் குழுக்கள் வேடம் கட்டி வீடு வீடாகப் போய்ப் பாடின. மலாய்க்காரர்களும் ஜாவி பெரானாக்கான்களும் அதைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள். இன்று அது பினாங்கின் அடையாளக் கலை. மலாய் நாடக மரபான பங்சாவான், 1880களில் இத்தீவில்தான் முறையான குழுவாக எழுந்தது. அதன் முன்னோடியை மக்கள் 'மாமாக்' புஷி என்றே அழைத்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகங்களைப் பார்த்து, அதை மலாய் மொழியில் ஆடிக் காட்டிய முயற்சி அது.

1930களில் சுவாத்தோ சந்தில் நியூ வேர்ல்ட் பூங்கா நடந்தது. குத்துச்சண்டை, நாடகம், நடனம், விளையாட்டுக் கடைகள் என்று ஒரே மதிலுக்குள் பல இனத்தாரும் கூடினார்கள். பினாங்கு ரோட்டில் ஒடியன் போன்ற சினிமாக் கொட்டகைகள் வந்தன. காசு இல்லாதவனுக்குக் கடற்கரைத் திடல் இருந்தது. பாடாங் கோத்தா லாமாவில் கோட்டைக்குப் பக்கத்தில் காற்று வாங்கிக்கொண்டு பசெம்பூர் சாப்பிட்டுத் திரும்புவதும் ஓர் இரவுதான்.

இவற்றோடு நம் மார்க்க நாட்களும் சேர்ந்தன. ரமலானில் தராவீஹ் முடிந்து சனம் வெளியே வரும்போது சூலியா தெருவும் குவீன் தெருவும் பகல்போல இருக்கும். ஜமாத்துல் ஆகிர் மாதம் தர்காவில் கொடியேறும் நாட்களில் ஊர்வலம் வரும். அதில் கலந்துகொள்பவர்களும் உண்டு, கொள்ளாதவர்களும் உண்டு, அது அவரவர் மார்க்க விளக்கம். ஆனால் வரலாறு என்று எழுதும்போது அதை விட்டுவிட முடியாது. ஆச்சே தெருவில் 1808இல் எழுந்த மலாய்ப் பள்ளிவாசலைச் சுற்றி ஹஜ் பயணிகள் வாரக்கணக்கில் தங்கினார்கள். கப்பல் புறப்படும் வரை அவர்களுக்கு அறையும் சாப்பாடும் பயணச் சாமானும் வேண்டும். சுமத்திராவிலிருந்தும் தென் தாய்லாந்திலிருந்தும் வந்த ஹாஜிகள் அந்தத் தெருக்களின் வியாபாரத்துக்கு ஒரு தனிப் பருவத்தையே கொடுத்தார்கள்.

இரவின் மறுபக்கம்

பழைய காலம் என்றால் எல்லாம் நல்லது என்று எழுதிவிட நாங்கள் விரும்பவில்லை. அந்தத் தெருக்களில் அபின் கடைகள் சட்டப்படி நடந்தன. அபின் வரி அரசாங்கத்துக்குப் பெரும் வருமானமாக இருந்தது. சூதாட்டம் இருந்தது. பெண்களை விலைக்கு வைத்த வீடுகள் சின்ட்ரா தெருப் பக்கமும் கேம்பல் தெருப் பக்கமும் இருந்தன. குடும்பத்தை விட்டு வந்த ஆயிரக்கணக்கான ஆண்களின் தனிமையில் காசு பார்த்தவர்கள் எல்லா இனத்திலும் இருந்தார்கள்.

முஹர்ரம் கூட்டங்களும் எப்போதும் பாட்டோடு நின்றுவிடவில்லை. வெள்ளைக் கொடி, சிவப்புக் கொடி என்று முஸ்லிம்கள் இரண்டு அணியாகப் பிரிந்து, சீனர்களின் கீ ஹின், துவா பெக் கோங் சங்கங்களோடு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். 1867 ஆகஸ்டில் ஏறக்குறைய பத்து நாள் ஜார்ஜ்டவுன் தெருக்களில் கலவரம் நடந்தது. கேனன் தெருவுக்கு அந்தப் பெயர் வந்ததே பீரங்கிக் குண்டு விழுந்த குழியால்தான் என்பார்கள். இனச் சண்டை என்று அதைச் சொல்வது சரியல்ல. இரண்டு பக்கத்திலும் முஸ்லிம்களும் சீனர்களும் சேர்ந்தே நின்றார்கள். தெருவும் தொழிலும் யார் கையில் என்பதே சண்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதிக்கொண்டு வரும் இந்த இரவு முழுக்க முழுக்க ஆண்களின் இரவு. கரையில் காத்திருந்த மனைவிமார் இதில் இல்லை. இங்கேயே மணமுடித்து வாழ்ந்த குடும்பங்களின் பெண்கள் மசாலை அரைத்தார்கள், பலகாரம் செய்து கடைக்கு அனுப்பினார்கள். கடை வாசலில் அவர்கள் முகம் தெரியவில்லை. இன்று நம் வீட்டுப் பெண்கள் கல்லாவில் இருக்கிறார்கள், பிள்ளைகளோடு இரவு 10 மணிக்குக் கடைத்தெருவில் நடக்கிறார்கள். பழைய இரவில் இல்லாத நன்மை இது.

1941 டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் குண்டு போட்டன. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த மக்கள் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். 1945 செப்டம்பர் வரை இந்தத் தெருக்களின் இரவு இருட்டில் கிடந்தது. போர் முடிந்து கப்பல் வந்ததும் ஒட்டுக்கடை அடுப்பு மறுபடி எரிந்தது. ரஜூலா கப்பலும் பின்னர் எம்.வி. சிதம்பரமும் நாகப்பட்டினம், சென்னைப் பக்கமிருந்து நம் சனத்தைக் கொண்டு வந்து இறக்கிய கதையைச் சொல்லப் பல வீடுகளில் இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

மக்கள் எப்படிப் போனார்கள்

இத்தனை போரையும் கலவரத்தையும் தாங்கிய வட்டாரம் பிறகு எப்படிக் காலியாயிற்று? காரணம் ஒன்றல்ல, மூன்று.

முதலாவது, வேலை இடம் மாறியது. 1969இல் பினாங்கின் வரியில்லாத் துறைமுக நிலை பறிபோனது. சரக்குக் கப்பல்கள் பட்டர்வொர்த்தின் ஆழ்கடல் துறைகளுக்குப் போயின. தொங்காங் வேலை தேய்ந்தது. அதே 1969இல் தொடங்கிய பினாங்கு வளர்ச்சிக் கழகம், 1972இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் தடையற்ற வாணிப வட்டாரத்தைத் திறந்தது. இன்டெல் போன்ற தொழிற்சாலைகள் வந்தன. அங்கே வேலை செய்கிறவர்களுக்காக எழுப்பிய புதுநகர்தான் நம் பாயான் பாரு. மூட்டை தூக்கியவரின் மகள் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலைக்குப் போனாள். நம் சங்கம் தோன்றிய காலமும் இந்தக் குடிமாற்றத்தின் காலமும் ஏறக்குறைய ஒன்றே. டவுனை விட்டுச் சிதறியவர்கள் ஒருவரையொருவர் விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பே சங்கமாக வடிவெடுத்தது என்று நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

இரண்டாவது, கட்டடங்கள். 1974இல் தொடங்கிய கொம்தார் கோபுரத்துக்காகப் பழைய தெருக்கள் பல இடிபட்டன. 65 மாடிக் கோபுரம் எழுந்தது, அதன் அடியில் இருந்த கடைவீடுகள் போயின.

மூன்றாவது, வாடகை. 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயர்த்த முடியாதபடி 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டி வைத்திருந்தது. இப்படிப்பட்ட வீடுகள் மிகுதியாக இருந்த ஊர் ஜார்ஜ்டவுன். அதனால்தான் தையற்காரரும் புத்தகம் கட்டுகிறவரும் ஒட்டுக்கடைக்காரரும் டவுன் நடுவில் குடியிருக்க முடிந்தது. சட்டம் வீட்டுக்காரருக்கு நட்டம் என்பதும் உண்மை. குறைந்த வாடகையில் கூரையைப் பழுது பார்க்க யாரும் முன்வரவில்லை. 2000 ஜனவரி 1 முதல் அச்சட்டம் நீங்கியது. வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் கிளம்பினார்கள். சிலர் பாயான் பாருவுக்கு, சிலர் ஜெலுத்தோங் பக்கம், சிலர் கடல் தாண்டிப் பட்டர்வொர்த்துக்கு.

2008 ஜூலை 7ஆம் நாள் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. மையப் பகுதி 109 எக்டருக்குச் சற்று மேல். பள்ளிவாசல், தர்கா, கடைத்தெரு எல்லாம் அதற்குள் வந்தன. நமக்குப் பெருமைதான். ஆனால் அந்த அறிவிப்பு வருவதற்கு எட்டாண்டுகளுக்கு முன்பே மக்கள் மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும். யுனெஸ்கோ பாராட்டியது கட்டடத்தை மட்டுமல்ல, பல சமூகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்த வாழ்க்கையையும்தான். பாராட்டு வந்து சேர்ந்தபோது வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை.

இன்றைய இரவு

ஒரு தெரு நன்றாக இருக்கிறதா என்று பார்க்க வியாபாரிகளிடம் ஒரு கணக்கு உண்டு. அரிசி, பருப்பு, மருந்து, பள்ளிப் புத்தகம் விற்கும் கடை எத்தனை, முடிவெட்டும் கடை எத்தனை என்று எண்ண வேண்டும். அவை இருந்தால் அங்கே குடும்பங்கள் இருக்கின்றன. நினைவுப் பொருளும் ஐஸ்கிரீமும் தங்கும் விடுதியும் மட்டும் இருந்தால் அங்கே விருந்தாளிகள்தான் இருக்கிறார்கள். விருந்தாளி வந்தால் தெருவுக்குக் காசு வரும், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் விருந்தாளி வராத மாதத்தில் தெருவைத் தாங்குவது குடியிருப்பவர்தான். 2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து சுற்றுலா நின்றபோது அதை எல்லாரும் கண்ணால் பார்த்தோம்.

இந்தக் கணக்கோடு சூலியா தெருவில் நடந்தால் இரண்டு தெருக்கள் தெரிகின்றன. லவ் லேன் பக்கம் விடுதிகளும் மதுக்கடைகளும் பாட்டுச் சத்தமும். பள்ளிவாசலுக்குக் கீழே கடல் பக்கம் இன்னும் துணிக்கடை, நகைக்கடை, மசாலைக் கடை, நாணய மாற்றுக் கடை. மதுக்கடை வந்துவிட்டது என்று நம்மில் சிலர் குடும்பத்தோடு இரவில் டவுனுக்குப் போவதையே விட்டுவிட்டார்கள். அவர்கள் மனம் எங்களுக்குப் புரிகிறது. ஆனால் நாம் போகாமல் விட்டால் நம் கடைகளுக்குத்தான் வாடிக்கை குறையும். மற்றவர்களின் சத்தம் அதனால் குறைந்துவிடாது.

சிங்கப்பூரைப் பாருங்கள். தெலோக் ஆயர் தெருவில் 1830 அளவில் நம்மவர் கட்டிய நாகூர் தர்கா அழகாகப் புதுப்பிக்கப்பட்டு, 2011இலிருந்து இந்திய முஸ்லிம் மரபு மையமாக இருக்கிறது. உள்ளே போனால் நம் வரலாற்றைப் படிக்கலாம். வெளியே வந்தால் சுற்றிலும் அலுவலகக் கோபுரங்கள். கட்டடத்தை அவர்கள் காத்தார்கள். அதைச் சுற்றியிருந்த நம் சனத்தின் தெரு போய்விட்டது. பினாங்கில் கட்டடத்தோடு கொஞ்சம் தெருவும் இன்னும் மிச்சம் இருக்கிறது. நமக்கு அந்த வாய்ப்பு முடிந்துவிடவில்லை.

குடும்பத்தோடு ஓர் இரவு நடை

பிள்ளைகளை அழைத்துப் போக ஒரு வழியைச் சொல்கிறோம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள்தான். தாத்தா பாட்டியும் மெதுவாக நடக்கலாம்.

மஃரிபைக் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் தொழுங்கள். இன்றுள்ள குவிமாடமும் உயர்ந்த கூரையும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நியூபுரோனர் என்ற கட்டடக் கலைஞர் திருத்திக் கட்டியவை. அங்கிருந்து சூலியா தெருவில் கடல் பக்கமாகத் திரும்பினால் கிங் தெரு மூலையில் தர்கா. அதைப் பார்த்துவிட்டு அடுத்த இணைத் தெருவான கடைத்தெருவுக்குள் நுழையுங்கள். பலகையில் லெபோ பாசார் என்று இருக்கும். குவீன் தெருவில் 1833ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாமாரியம்மன் கோயில் இருக்கிறது. ஒரே தெருக்கூட்டத்தில் கோயில், பள்ளிவாசல், சீனர் ஆலயம், தேவாலயம் நான்கும் நூற்றாண்டுகளாக நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

பிறகு சூலியா தெரு வழியாகவே மேற்கே நடங்கள். அஞ்சடியில் நடக்கும்போது ஒவ்வொரு கடைவீட்டின் மேல்மாடியையும் அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் பாட்டனார் பாய் விரித்த மாடி எது என்று தெரிந்தால் அங்கே நிறுத்திச் சொல்லுங்கள். தெரு முடியும் இடத்தில் பினாங்கு ரோடு. இடப்பக்கம் திரும்பினால் 1890இல் தொடங்கிய சௌராஸ்தா சந்தை. அதன் மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு, பகலில் போனால் பார்க்கலாம். எதிரே கேம்பல் தெரு. அங்கே சாப்பிட்டுவிட்டு பக்கிங்ஹாம் தெரு வழியாக நடந்தால் புறப்பட்ட பள்ளிவாசலுக்கே வந்து சேர்வீர்கள். இஷாவுக்கும் நேரம் இருக்கும்.

நம் கையில் இருப்பது

பள்ளிவாசலுக்குக் கொடுத்த அந்த 18 ஏக்கரும் அதன்பின் நல்லோர் எழுதி வைத்தவையும் வக்ஃபு சொத்துகள். 1905ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த அறநிலைய வாரியம் ஒரு காலத்தில் அவற்றை நிர்வகித்தது. இன்று அவை மாநில இஸ்லாமிய சமய மன்றத்தின் பொறுப்பில் உள்ளன. தனியார் கட்டடத்துக்கு யார் வாடகைக்கு வரவேண்டும் என்று நாம் சொல்ல முடியாது. வக்ஃபு வீடு அப்படியல்ல. அதில் சமூகம் பேச இடம் இருக்கிறது. வக்ஃபு மாடிகளில் சிலவற்றைத் தங்கும் விடுதியாக்காமல், டவுனில் வேலை செய்யும் குடும்பங்களுக்குத் தாங்கக்கூடிய வாடகையில் விடும்படி நம் சங்கம் முறையாகக் கேட்கலாம். பத்துக் குடும்பம் திரும்பி வந்தாலும் ஒரு மளிகைக் கடைக்கும் ஒரு குர்ஆன் மதரசாவுக்கும் ஆள் கிடைக்கும்.

இன்னொரு வேலை நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கிறது. தொங்காங்கில் வேலை செய்தவர்கள், ஒட்டுக்கடை நடத்தியவர்கள், போரியா பார்த்தவர்கள், வாடகை ஏறியதும் வீட்டைப் பூட்டிச் சாவி கொடுத்தவர்கள் நம்மிடையே எண்பது வயதில் இருக்கிறார்கள். எந்தத் தெரு, எந்த எண், கடையின் பெயர் என்ன, யார் யார் தங்கினார்கள் என்று கைப்பேசியிலேயே பதிவு செய்யலாம். வீட்டுக்கு ஒரு மணி நேரம் போதும். சங்கத்தில் அதை வாங்கி வைக்க இளைஞர் பிரிவு தயாராக இருக்கிறது. பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். கடைக்குப் பின்னால் நடந்த கதை அவர்களிடம்தான் இருக்கிறது, அதை இதுவரை யாரும் எழுதவில்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை இரவு பாயான் பாருவிலிருந்து நான்கு வண்டி புறப்பட்டாலும் போதும். துணியோ மசாலையோ அங்கேயே வாங்குங்கள், அங்கேயே சாப்பிடுங்கள், பிள்ளைகளைக் கடைக்காரரிடம் இன்னார் பேரன் என்று சொல்லி அறிமுகம் செய்யுங்கள். இறைவன் நாடினால் சங்கத்தின் அறுபதாம் ஆண்டு மலரில் சூலியா தெருவைப் பற்றி அந்தப் பிள்ளைகளில் ஒருவர் எழுதட்டும். அப்போதும் அங்கே நம் அடுப்பு எரிந்துகொண்டிருக்க வேண்டும்.